நிலமும் பின்புலமும்: தமிழ்த் திரைப்படங்களில் கோலாலம்பூரும் பிரிக்பீல்ட்சும்

முன்னுரை

தமிழ்த் திரைப்படக் குழுவினர் கோலாலம்பூருக்கு வந்து படம்பிடித்துச் செல்வது இன்று வியப்புக்குரிய செய்தி அன்று. எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) தென்கிழக்காசிய நகரங்களையும் ஜப்பானின் எக்ஸ்போ 70 பொருட்காட்சியையும் திரையில் விரித்துக் காட்டிய காலந்தொட்டு, வெளிநாட்டு நிலக்காட்சி தமிழ்த் திரையின் கவர்ச்சிப் பொருள்களுள் ஒன்றாகவே இருந்து வருகின்றது. அவ்வரிசையில் கிள்ளான் பள்ளத்தாக்கு தனியிடம் பெறுகின்றது. இங்குத் தமிழர்கள் பார்வையாளராக மட்டுமன்றிக் குடிமக்களாகவும் வாழ்கின்றனர். எனவே, இங்குப் படமாக்கப்படும் ஒவ்வொரு தமிழ்ப்படமும் வாழும் மக்களின் முன்னிலையில் அவர்தம் ஊரைப் பற்றிக் கூறப்படும் ஒரு கூற்றாகின்றது.

இத்தகைய படங்கள் வெளிவருங்கால் நம்மிடையே இருவகை எதிர்வினைகள் எழுகின்றன. முதலாவது, நம் ஊர் திரையில் தோன்றியது என்னும் பெருமிதம். இரண்டாவது, இந்தச் சாலையிலிருந்து அந்தச் சாலைக்கு அவ்வாறு செல்ல இயலாது, இவ்வாறு நம்மவர் பேசமாட்டார் என்னும் குறை. இவை இரண்டும் இயல்பானவையே, ஆயினும் திறனாய்வாகா. ஒரு படத்தில் இடம் என்ன பணியைச் செய்கின்றது என்பதே திறனாய்வு கேட்க வேண்டிய வினா. அவ்வினாவைத் தமிழ் மரபின் வழி நின்று எழுப்பவும், ‘பில்லா’ (2007), ‘கபாலி’ (2016), மலேசியத் திரைப்படமான ‘சலங்கை’ (2007) ஆகிய மூன்றினை முன்வைத்து அதற்கு விடை காணவும் இக்கட்டுரை முயல்கின்றது.

அளவுகோல்: முதல், கரு, உரி

இடத்திற்கும் இலக்கியத்திற்கும் உள்ள உறவை உலகில் மிகப் பழங்காலத்திலேயே நுட்பமாக வகுத்துக் கூறிய நூல்களுள் தொல்காப்பியமும் ஒன்று. அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கின்றது. தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்கின்றது. மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்கின்றது. செய்தி என்பது இங்குத் தொழிலைக் குறிக்கும். பாடலுள் பயின்று வருங்கால் இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறப்புடையன என்பதும் அவ்வியலின் கருத்து. நிலம் கூறப்படாமலேயே ஒழுக்கத்தால் ஒரு பாடல் திணை பெறலாம். ஒழுக்கமின்றி வெறும் நிலத்தால் மட்டும் பாடல் அமைதல் இல்லை.

ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய செய்யுள் இலக்கணத்தைத் திரைப்படத்தின்மேல் ஏற்றிக் காண்பது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். பாடலுக்கும் படத்திற்கும் உள்ள வேறுபாடே இவ்வளவுகோலைப் பயனுடையதாக்குகின்றது. பாடல் நிலத்தை விடுத்தும் நிற்கும். படக்கருவியால் நிலத்தை விடுத்து நிற்க இயலாது. கருவியைத் திறந்த அளவிலேயே ஏதோ ஓர் இடம் அதனுள் நுழைந்துவிடுகின்றது. ஆகவே, திரைப்படத்திற்கு முதற்பொருளே மிக எளிதாகக் கிட்டுவது. பணம் இருந்தால் வாங்கிவிடலாம். கருப்பொருளைப் பெற உற்றுநோக்கல் வேண்டும். உரிப்பொருளைப் பெற அவ்விடத்து மக்களை அறிந்திருத்தல் வேண்டும். இடத்தில் எடுக்கப்பட்ட படம் என்பதும் இடத்தைப் பற்றிய படம் என்பதும் வேறு வேறு என்பதை இவ்வளவுகோல் தெளிவுறுத்துகின்றது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. முதற்பொருள் என்பது நிலம் மட்டுமன்று. நிலமும் பொழுதும் இணைந்ததே முதற்பொருள். காலம் நீக்கப்பட்ட இடம் முதற்பொருளாகாது. அதனைப் பின்புலம் என்றே கூறுதல் வேண்டும்.

விலைக்குக் கிடைக்கும் நிலம்

சுஜாதாவின் ‘பிரியா’ புதினம் இலண்டனைக் களமாகக் கொண்டது. எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் 1978இல் அது திரைப்படமானபோது கதைக்களம் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டது. கதை பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. காரணம், கதைக்குத் தேவைப்பட்டது ஒரு வெளிநாடு. குறிப்பிட்ட எந்த நாடும் அன்று. இடத்தை மாற்றினாலும் கதை மாறாதெனின், அக்கதையில் இடம் முதற்பொருளாக இயங்கவில்லை என்பது பெறப்படும்.

இச்சோதனைக்கு இன்னும் தெளிவான சான்று ‘டான்’ கதை. 1978இல் இந்தியில் வந்த அக்கதை 1980இல் இரஜினிகாந்த் நடிப்பில் தமிழில் ‘பில்லா’ ஆயிற்று. பின்னர் பர்கான் அக்தர் 2006 அக்டோபரில் இந்தியிலும், விஷ்ணுவர்தன் 2007 டிசம்பரில் தமிழிலும் அதனைப் புதுப்பித்தனர். இரு புதுப்பிப்புகளும் கோலாலம்பூரையும் லங்காவியையும் நாடி வந்தன. ஒரே கதை, பதினான்கு மாத இடைவெளியில், இருமொழிகளில், ஒரே நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டமை தற்செயல் எனினும் பொருளுடையது. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரமும் அகன்ற நெடுஞ்சாலைகளும் கண்ணாடிக் கட்டடங்களும் அக்காலத்து இந்தியத் திரைக்கு எதிர்காலத்தின் உருவமாகத் தோன்றின. இந்திய முகங்கள் இயல்பாகத் தென்படக்கூடிய, ஆயினும் இந்தியாவல்லாத ஒரு நகரம் அவற்றுக்குத் தேவைப்பட்டது.

மேலைத் திரையும் இந்நகரை இவ்வாறே பயன்படுத்தியது. ஷான் கானரி நடித்த ‘என்ட்ராப்மென்ட்’ (1999) மலாக்கா ஆற்றங்கரைக் குடிசைகளையும் கோலாலம்பூர்க் கோபுரத்தையும் ஒட்டிக்காட்டி, கோபுரத்தின் அடியிலேயே சேரி இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கியது. அன்றைய பிரதமர் மகாதீர் அதனைக் கண்டித்தார். ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ (2018) படத்திலோ கோலாலம்பூரின் கார்கோசா ஸ்ரீ நெகாரா மாளிகை சிங்கப்பூர்ச் செல்வர் ஒருவரின் இல்லமாக வேடமேற்றது. வெளிநாட்டுப் படக்குழுவினரை ஈர்க்க 2013 முதல் இங்குச் செலவிடும் தொகையில் தகுதியுடைய பகுதிக்கு 30 விழுக்காட்டினைத் திருப்பி அளிக்கும் ஊக்கத்திட்டமும் நடைமுறைக்கு வந்தது. நிலம் இவ்வாறு வெளிப்படையாகவே விலைபேசப்படும் பொருளாயிற்று. இதில் தவறேதும் இல்லை. ஆனால், விலைக்கு வாங்கப்படுவது முதற்பொருளின் ஒரு பாதி மட்டுமே என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

‘பில்லா’வின் பத்துமலை

‘பில்லா’வில் பத்துமலை இடம்பெறும் பாடற்காட்சி நம்மவரிடையே பெரிதும் போற்றப்பட்டது. 2006 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை பெருந்திரையில் அத்துணைப் பொலிவுடன் தோன்றியது அப்போது புதுமை. இக்காட்சியைக் கொண்டு, படத்தில் கருப்பொருள் இல்லையெனக் கூறவியலாது என்று ஒருவர் மறுக்கலாம்; தெய்வம் கருப்பொருள்களுள் முதலாவதாக எண்ணப்படுவது அன்றோ? உண்மைதான். எனினும், கருப்பொருள் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. அந்நிலத்து மக்களின் வாழ்வோடு பிணைந்து நிற்பது. பத்துமலையில் தைப்பூசம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. காவடி நேர்ந்துகொண்ட தோட்டத் தொழிலாளி, இரவெல்லாம் நடந்து வரும் குடும்பம், 272 படிகளைத் தொழுதேறும் மூதாட்டி ஆகியோரே அத்தெய்வத்தைக் கருப்பொருளாக்குபவர்கள். பாடற்காட்சியிலோ தெய்வம் ஆடலுக்கு அரங்காக அமைகின்றது. பாடல் முடிந்ததும் கதை அவ்விடத்தை விட்டு அகல்கின்றது. அங்கு நிகழ்ந்த எதுவும் கதையின் போக்கை மாற்றுவதில்லை.

இவ்விடத்தில் பொழுதினை நோக்குதல் வேண்டும். ‘பில்லா’ 2007 டிசம்பர் 14ஆம் நாள் வெளிவந்தது. அதற்குப் பத்தொன்பது நாள்களுக்கு முன்னர், நவம்பர் 25ஆம் நாள், இந்திய மலேசியர்கள் பல்லாயிரவர் ஹிண்ட்ராப் பேரணியில் கலந்துகொள்ளக் கோலாலம்பூரில் திரண்டனர். அன்று அதிகாலையில் பத்துமலை வளாகத்திலும், பின்னர் இரட்டைக் கோபுரத்தை அடுத்த ஜாலான் அம்பாங் பகுதியிலும் கூடிய மக்கள்மீது கண்ணீர்ப்புகையும் நீரும் பாய்ச்சப்பட்டன. படம் அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. ஆகவே இதனைக் கொண்டு படத்தைக் குறை கூறுதல் முறையாகாது. ஆயினும், அவ்வாண்டின் இறுதியில் இங்குத் திரையரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர் ஒருவர், ஒரே பத்துமலையை இரு வேறு உருவங்களில் தம் உள்ளத்தில் சுமந்திருந்தார். ஒன்று காலம் நீக்கப்பெற்ற பத்துமலை. மற்றொன்று காலத்தால் நிறைந்த பத்துமலை. பின்புலத்திற்கும் முதற்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்கவியலாது.

இருப்பினும், படக்கருவிக்கு இயக்குநரின் நோக்கத்தைக் கடந்த ஒரு நேர்மை உண்டு. 2018இல் பத்துமலைப் படிகளுக்குப் பல வண்ணம் பூசப்பட்டது. அதற்கு முந்தைய தோற்றத்தைக் காண விழையும் இன்றைய மாணவருக்கு ‘பில்லா’வின் பாடற்காட்சி ஓர் ஆவணமாகிவிட்டது. இடத்தைப் பொருட்படுத்தாத படமும் காலப்போக்கில் இடத்தின் சான்றாக மாறுவதுண்டு. இக்கருத்துக்குப் பின்னர் மீள்வோம்.

‘கபாலி’: பொழுதின் வருகை

பா. இரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ 2016 ஜூலை 22ஆம் நாள் வெளிவந்தது. மலேசியாவிலும் சென்னையிலும் படமாக்கப்பட்ட இப்படத்தின் முதன்மையான வேறுபாடு, அது நிலத்தோடு பொழுதையும் கொணர்ந்தமை. இருபத்தைந்து ஆண்டுகள் சிறையிலிருந்து மீண்ட ஒருவரின் கண்வழியே நகரம் காட்டப்படுகின்றது. ஏறத்தாழ 1990ஆம் ஆண்டளவில் சிறைபுகுந்த ஒருவர் இரட்டைக் கோபுரத்தை அறிந்திருக்க மாட்டார்; சிப்பாங் விமான நிலையத்தை அறிந்திருக்க மாட்டார்; அவ்விரண்டும் 1998இல் நிறைவுற்றவை. 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரலும் அவர் காணாதது. ஆகவே, அதே கட்டடங்கள் ‘பில்லா’வில் பளபளப்பாகவும் ‘கபாலி’யில் இழந்த காலத்தின் அளவாகவும் பொருள்படுகின்றன. கட்டடம் மாறவில்லை, காண்பவர் மாறியுள்ளார்.

அவ்விருபத்தைந்து ஆண்டுகள் மலேசியத் தமிழர் வரலாற்றில் வெறும் எண்ணிக்கையன்று. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய காலம் அது. தோட்டத்து மக்கள் நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடம்பெயர்ந்த காலம் அது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) பேராக் மாநிலச் சிற்றூர் ஒன்றின் புறம்போக்குக் குடியிருப்பை, 1990ஐ ஒட்டிய அதே காலத்தில் வைத்துக் காட்டுகின்றது. கபாலி சிறைபுகுந்த காலமும் ‘ஜகாட்’ சிறுவன் அப்போய் வளர்ந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பயிலுதல் நன்று. முன்னது பெருநாயகனின் உயரத்திலிருந்தும் பின்னது ஒரு சிறுவனின் உயரத்திலிருந்தும் அக்காலத்தைக் காண்கின்றன.

‘கபாலி’யின் கடந்தகாலக் காட்சிகள் தோட்டத் தொழிலாளரின் ஊதிய உரிமைப் போராட்டத்தை மையமாகக் கொண்டவை. அப்போராட்டத்தை வழிநடத்தும் தலைவருக்குத் ‘தமிழ்நேசன்’ எனப் பெயரிட்டமை நம் வாசகருக்கு எளிதில் புலப்படும் குறிப்பு. 1924 முதல் 2019 வரை இந்நாட்டில் வெளிவந்த நாளிதழின் பெயர் அது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட வரலாற்றை அறிந்தவர்க்கு, தொழிலாளர் தலைவன் ஒருவனும் ஒரு சிறையும் சேர்ந்து வரும் கதை இன்னும் ஆழமாக ஒலிக்கும். அப்புடு சிறையும் 2010 முதல் 2012 வரை படிப்படியாக இடிக்கப்பட்டு மறைந்தது. கோலாலம்பூரின் சிறையைக் காட்ட விழையும் படத்திற்குக் கோலாலம்பூரில் அச்சிறை இல்லை.

ஆயினும், ‘கபாலி’யின் உரிப்பொருள் எங்கு நிலைகொள்கின்றது என்னும் வினா எஞ்சுகின்றது. கூலி, கல்வி, உடை, மதிப்பு ஆகியன பற்றிப் படம் எழுப்பும் வினாக்கள் சமூகத்திற்கு உரியவை. அது அளிக்கும் விடையோ குண்டர் கும்பல்களின் மோதலும் தனிமனிதப் பழிவாங்கலும் ஆகும். தோட்டத்தை இழந்த மக்களின் ஒழுக்கம் காத்திருத்தலும் அலைதலும் மீண்டும் வேரூன்ற முயலுதலுமே. அவ்வொழுக்கம் படத்தின் முற்பகுதியில் தலைகாட்டிப் பிற்பகுதியில் துப்பாக்கி ஒலியில் அமிழ்ந்துவிடுகின்றது. முதன்மைப் பாத்திரங்களின் பேச்சும் பெரிதும் தமிழகப் பேச்சாகவே அமைந்துள்ளது. மலாய்ச் சொற்கள் இயல்பாகக் கலந்துவரும் நம் பேச்சு மொழியை ‘ஜகாட்’ தன் தலைப்பிலேயே ஏந்தியுள்ளது. ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் பெற்ற வடிவம் அது. மொழியும் ஒரு கருப்பொருளே எனக் கொண்டால், இவ்வகையில் ‘ஜகாட்’ முந்தி நிற்கின்றது.

‘கபாலி’யின் முடிவு தனித்து நோக்கத்தக்கது. மூலப்படத்தில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையோடு திரை இருள்கின்றது. நாயகனின் கதி பார்வையாளரின் ஊகத்திற்கு விடப்படுகின்றது. மலேசியத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படியிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்னும் எழுத்துகள் இறுதியில் சேர்க்கப்பட்டன. எந்த மண்ணில் படம் எடுக்கப்பட்டதோ அந்த மண்ணில் மட்டும் கதைக்கு வேறு முடிவு. படப்பிடிப்புத் தளம் என்பது வெயிலும் மரமும் கட்டடமும் மட்டுமன்று. அது ஒரு சட்ட எல்லையும் ஆகும் என்பதை இது உணர்த்துகின்றது. உலகெங்கும் உள்ள தமிழர் ஊகித்துக்கொள்ள உரிமை பெற்ற ஒன்றனை, கதைக்கு உரிய மலேசியத் தமிழர் மட்டும் எழுத்தில் படித்தறிந்துகொள்ள நேர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸ்: ‘சலங்கை’

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வாழ்வின் அடர்த்தி மிகுந்த நகர்ப்பகுதி எதுவெனின் பிரிக்பீல்ட்சே எனலாம். 1881இல் நேர்ந்த தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை நகரான கோலாலம்பூரை அழித்த பின்னர், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்கள் எழுப்பப்பட வேண்டுமென ஸ்வெட்டன்ஹாம் வலியுறுத்தினார். அச்செங்கற்கள் சுடப்பட்ட களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளானுடன் இணைக்கும் இரயில் பாதை வந்ததும், இரயில்வேயில் பணியாற்றிய தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் இங்குக் குடியேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு, இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள், 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம், ஜாலான் ஸ்காட்டில் உள்ள கந்தசாமி கோயில் ஆகியன அவ்வாழ்வின் அடையாளங்கள். தலைமைச் சாலையின் பெயரும் பொருள் பொதிந்தது. தோட்டத் துண்டாடலால் மக்கள் வீடிழப்பதைத் தடுக்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கிய துன் சம்பந்தனின் பெயரை அது தாங்கி நிற்கின்றது.

தீபக் குமரன் மேனன், 1960களின் தோட்ட வாழ்வைச் ‘செம்மண் சாலை’யில் (2005) காட்டிய பின்னர், ‘சலங்கை’யில் (2007) பிரிக்பீல்ட்சுக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்திலிருந்து நகருக்கு என்னும் அப்பயணம் ஒரு தனி இயக்குநரின் பயணம் மட்டுமன்று. ஒரு சமூகத்தின் பயணமுமாகும். ‘சலங்கை’யின் கதை மிகச் சிறியது. தாய் பூ விற்று வாழ்கின்றார். மகன் கார் கழுவும் இடத்தில் வேலை செய்கின்றான். மகள் பரதம் பயில விழைகின்றாள்.

இதனை நம் அளவுகோலில் வைத்து நோக்குவோம். பூ, கார் கழுவுதல், சலங்கை ஆகிய மூன்றும் கருப்பொருள்கள். தொழிலும் இசையும் தெய்வமும் அவற்றுள் அடங்குகின்றன. இவை பிரிக்பீல்ட்சுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை அல்ல. பூக்கடைகள் ஜாலான் துன் சம்பந்தன் நெடுகிலும் கோயில்களைச் சார்ந்து வாழ்பவை. பரதமோ அப்பகுதியில் பேரளவில் கற்பிக்கப்படும் கலை. டெம்பிள் ஆஃப் பைன் ஆர்ட்ஸ் நிறுவனம் அங்குள்ள ஜாலான் பெர்ஹாலாவில் இயங்குகின்றது. கலை நடந்துசெல்லும் தொலைவில் இருந்தும் எட்டாத் தொலைவில் இருப்பது என்னும் முரணைப் பிரிக்பீல்ட்ஸ் அன்றி வேறோர் ஊர் இத்துணை இயல்பாக அளித்திருக்க இயலாது. கதையை இலண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றினால் கதை குலைந்துவிடும். ‘பிரியா’வுக்கு நிகழாத இழப்பு ‘சலங்கை’க்கு நிகழும். இடம் முதற்பொருளாக இயங்குகின்றது என்பதற்கு இதுவே சான்று.

அதன் உரிப்பொருள் காத்திருத்தல். முல்லைக்குரிய இருத்தலோடு அதனை ஒப்பிடலாம். எனினும் முல்லையின் காத்திருத்தலுக்குக் கார்காலம் என்னும் எல்லை உண்டு. இக்குடும்பத்தின் காத்திருத்தலுக்கு அத்தகைய எல்லையில்லை. படம் எடுக்கப்பட்ட காலத்தில் பிரிக்பீல்ட்சின் ஓரத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்துவிட்டது, 2003 முதல் மோனோரயில் சாலைக்கு மேலே ஓடத் தொடங்கிவிட்டது. உயரத்தில் விரைபவர்களின் நகரமும் தரையில் பூத்தொடுப்பவர்களின் நகரமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த காலம் அது.

‘சலங்கை’யைக் குறையற்ற படைப்பு எனக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் குரல் மிகத் தாழ்ந்தது. அக்குடும்பத்தின் அன்றாட வாழ்வுக்கு அப்பால் சென்று காரணங்களை ஆராய அது முனைவதில்லை. ‘கபாலி’ காரணங்களை உரத்துக் கூறி, அன்றாட வாழ்வைத் தவறவிட்டது. ‘சலங்கை’ அன்றாட வாழ்வைப் பற்றிக்கொண்டு, காரணங்களைத் தொடாது விட்டது. உள்ளூர்ப் படம் என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகவோ, வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே மற்றொன்று தாழ்ந்ததாகவோ ஆகிவிடுவதில்லை. இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் வகையில் அமைந்துள்ளன.

பாலையாகத் திரிந்த நிலம்

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும் விளக்கம் நாம் அறிந்ததே. பாலைக்குத் தனி நிலமில்லை. வேறொரு நிலம் தன் நிலையிழந்து பாலையாகின்றது. பிரிக்பீல்ட்சின் பின்னைய வரலாற்றுக்கு இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகின்றது. 2010 அக்டோபர் 27ஆம் நாள் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இப்பகுதியை ‘லிட்டில் இந்தியா’ எனத் திறந்துவைத்தனர். வண்ண வளைவுகளும் யானைச் சிலைகள் சூழ்ந்த நீரூற்றும் எழுந்தன. 2015இல் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலும் சேர்ந்தது. அதே காலப்பகுதியில் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ இடிக்கப்பட்டது. 2014இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. இந்தியத் தன்மையின் அடையாளங்கள் பெருகப் பெருக, இந்தியர் குடியிருந்த வீடுகள் குறைந்தன. வாழிடம் தானே ஒரு படப்பிடிப்புத் தளம்போல ஒப்பனை பெற்றது. முன்னர்ப் படங்கள் நகரத்தைப் பின்புலமாக்கின. இப்பொழுது நகரமே தன்னைப் பின்புலமாக்கிக்கொள்கின்றது.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. தாம் ஆண்டர்சன் தம் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் பிளேஸ் இட்செல்ப்’ (2003) என்னும் திரைக்கட்டுரையில், கதைப்படங்களை அவற்றின் கதைக்காக அன்றி அவற்றுள் பதிவான நகருக்காகக் காணும் முறையை வகுத்தார். அந்நகரின் பங்கர் ஹில் குடியிருப்பு முற்றாக அழிக்கப்பட்ட பின்னர், அங்கு எடுக்கப்பட்ட குற்றப்படங்களே அதன் தெருக்களுக்குச் சான்றாயின. அங்கு வாழ்ந்த அமெரிக்கப் பூர்வகுடியினரைப் பற்றிக் கென்ட் மெக்கன்சி எடுத்த ‘தி எக்சைல்ஸ்’ (1961) நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, செப்பனிடப்பட்டு 2008இல் மீண்டும் வெளியிடப்பட்டது. லிஸ்பன் நகரின் பொந்தாய்ஞாஸ் குடியிருப்பு இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அதன் மக்களோடு இருந்து பெட்ரோ கோஸ்தா ‘வாண்டாவின் அறை’யை (2000) எடுத்தார். இடம் அழியும்போது படம் சான்றாகின்றது என்பதும், சான்றாக வேண்டுமெனின் படம் அழியாதிருத்தல் வேண்டும் என்பதும் இவற்றால் அறியப்படுகின்றன.

இங்குதான் நம் கவலை தொடங்குகின்றது. ‘பில்லா’வும் ‘கபாலி’யும் அழியப் போவதில்லை; பெருநிறுவனங்களும் இரசிகர்களும் அவற்றைக் காப்பர். 2000களில் குறைந்த செலவில், எண்ணிமக் கருவிகளால், சிறு குழுக்கள் எடுத்த மலேசியத் தமிழ்ப்படங்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. பிரிக்பீல்ட்சைப் பின்புலமாக அன்றி நிலமாகக் காட்டியவை அவையே. எளிதில் மறையக்கூடியவையும் அவையே.

கருவி செல்லாத இடங்களும் உள. சாலாக் செலாத்தானிலிருந்து கொமுட்டர் இரயிலில் புறப்படுபவர் செப்புத்தே, மிட் வேலி ஆகிய இரு நிலையங்களைக் கடந்து கே.எல். சென்ட்ரலை அடைகின்றார். இக்குறுந்தொலைவில் புதுக்கிராமம், இரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகள், அடுக்குமாடிகள், பேரங்காடி என அரை நூற்றாண்டு வரலாறு சன்னலைக் கடக்கின்றது. தமிழர் பலர் நாள்தோறும் காணும் நகரம் இதுவே. திரையில் இது அரிதாகவே இடம்பெறுகின்றது. காரணம், இதில் கோபுரமும் இல்லை, வளைவும் இல்லை.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். ஒன்று: ஓரிடத்தில் எடுக்கப்பட்டமையால் மட்டும் ஒரு படம் அவ்விடத்துப் படமாகிவிடாது; பொழுதும் கருவும் உரியும் சேர்ந்தே நிலம் முதற்பொருளாகின்றது. இரண்டு: இடத்தை மாற்றிப் பார்த்தல் என்னும் எளிய சோதனையால் இவ்வேறுபாட்டை எவரும் கண்டறியலாம். மூன்று: நோக்கமின்றிப் பதிவான காட்சியும் பின்னாளில் சான்றாகும்; ஆகவே, பின்புலமாக மட்டும் இடத்தைக் கொண்ட படங்களையும் புறந்தள்ளுதல் கூடாது.

தமிழாசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். முதல், கரு, உரி என்பனவற்றை மாணவர்கள் பெரும்பாலும் தேர்வுக்கென மனனம் செய்யும் பட்டியலாகவே அறிகின்றனர். அவர்தம் ஊரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் பத்து நிமிடப் பகுதியைக் காட்டி, இங்குள்ள தெய்வம் யாது, தொழில் யாது, ஒழுக்கம் யாது, இக்காட்சியை வேறு நகருக்கு மாற்றினால் எது கெடும் என வினவினால், அப்பட்டியல் பார்க்கும் முறையாக மாறும். பல்கலைக்கழகங்களுக்கோ அதனினும் பெரிய கடமை உண்டு. மலேசியத் தமிழ்ப்படங்களின் படிகளையும் திரைக்கதைகளையும், படப்பிடிப்பு நிகழ்ந்த இடங்களைப் பற்றிய குறிப்புகளையும், எடுத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே திரட்டுதல் வேண்டும். நூறு குவார்ட்டர்சின் திண்ணைகளை இனி எவரும் கட்டித்தர இயலாது. அவற்றின்மேல் விழுந்த வெயிலைப் பதிவு செய்த படச்சுருளோ எண்ணிமக் கோப்போ எங்கேனும் ஓர் அலமாரியில் இருக்குமாயின், அதனைக் காப்பது இன்னும் நம் கையில்தான் உள்ளது.